சொட்டக்காவின் வலது கை

அந்த வீட்டில் எனக்குக் கொடுத்த வேலை, சொட்டக்காவின் கணவரைப் பார்த்துக்கொள்வது. பேருந்து ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்துவிட்டது. வாரத்தில் ஆறு நாள், காலை ஏழு மணிக்குப் போவேன். உடம்பு துடைத்து, துணி மாற்றி, கைகால்களை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுத்து, சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுவேன். அவர் மனைவியின் கையைப் பார்ப்பது என் வேலையில் சேராது. ஆனால் முப்பத்தைந்து வருடம் நர்ஸாக நோயாளிகளைப் பார்த்த கண், இவரை மட்டும் பார் என்றால் கேட்காது.

ஒரு நாள் அவள் எனக்குத் தேநீர் கொண்டுவந்தாள். நீட்டும்போதே டம்ளர் நழுவித் தரையில் விழுந்தது. "கை வழுக்கிடுச்சு" என்றாள். கையில் ஈரமே இல்லை. மறுநாள் இடது கையில் கொண்டுவந்தாள். மூன்றாம் நாள் தட்டில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "கையைக் காட்டுங்க" என்றேன்.

என்னைவிடப் பத்து வயது இளையவள்தான். இருந்தாலும் தெரு முழுக்க அவளை அக்கா என்பதால் எனக்கும் அக்காதான். சொட்டக்கா என்ற பெயரும் தெரு வைத்தது. ஒன்பது பசுக்களை வைத்திருந்தாள். ஒரு பசுவைக் கறந்து முடித்த பிறகும் எழுந்திருக்க மாட்டாள். மடியைத் தடவி, லேசாக முட்டி, நான்கு காம்புகளையும் ஒவ்வொன்றாக உருவி, இனி ஒரு சொட்டுகூட இல்லை என்று தெரிந்த பிறகுதான் வாளியை எடுப்பாள். கடைசியில் வருவதுதான் கெட்டிப் பால் என்பாள். மடியில் மிச்சம் வைத்தால் மாடு சீக்கிரம் வற்றிவிடும் என்பாள். இரண்டும் அவளுடைய முப்பது வருட அனுபவம். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது கொட்டகையில் இரண்டு பசுக்கள் நின்றன. கணவர் பாதி நாள் பேருந்தோடு வெளியூரில் இருக்க, அவள் இரண்டை நான்காக்கி, நான்கை ஒன்பதாக்கினாள். மகனைப் படிக்கவைத்து வேறு ஊருக்கு வேலைக்கும் அனுப்பியாகிவிட்டது. தெருவில் எந்த டப்பாவின் மூடி திறக்காவிட்டாலும் அவளிடம்தான் வரும். அப்படிப்பட்ட பிடி.

அந்தக் கையைத்தான் நான் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் மேடாக இருக்கவேண்டிய சதை வற்றிப் பள்ளமாகியிருந்தது. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் தொட்டேன். சுண்டுவிரலைச் சரியாகச் சொன்னாள். நடுவிரலைத் தொட்டபோது, "இன்னும் தொடலையே" என்றாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருஷமா மரத்துப்போகுது. உதறினா சரியாயிடும்."

கட்டிலில் இருந்து ஓட்டுநர், "அவ்வளவுதானா? அப்ப என்னையும் ரெண்டு உதறு உதறேன். எழுந்து நடந்துடறேன்" என்றார். வாய் மட்டும் பக்கவாதத்துக்குத் தப்பியிருந்தது. லேசாகக் குழறும், ஆனால் ஓயாது.

நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். அவள் கறக்கும்போது நிமிடத்துக்கு எண்பது முறை பிழிகிறாள். ஒரு பசுவுக்கு ஏழு நிமிடம். ஒன்பது பசுக்கள், இரண்டு வேளை. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் பிழிவு. ஒரு கைக்கு ஐயாயிரம். போதாததற்கு, கட்டைவிரலை உள்ளே மடக்கி அதன் முட்டியால் காம்பை அழுத்திக் கறப்பது அவள் பழக்கம். எந்த மணிக்கட்டு இதைத் தாங்கும்?

கை மருத்துவரிடம் நானே கூட்டிப்போனேன். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார். சின்ன அறுவை சிகிச்சைதான், காலையில் வந்தால் மத்தியானம் வீடு போகலாம், ஆனால் அதற்குப் பிறகு ஆறு வாரம் எதையும் பிழியக்கூடாது. "ஒரு மாசம் தாண்டக்கூடாதும்மா. தாண்டினா நரம்பு செத்துடும். அப்புறம் நான் வெட்டித் தைச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல" என்றார். அன்றிலிருந்து இருபத்தாறாம் நாளுக்குத் தேதி கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஓட்டுநர் முடிவைச் சொல்லிவிட்டார். "மாட்டையெல்லாம் வித்துடு."

"மாட்ட விக்கறதுக்கு முன்னாடி உங்கள விக்கறேன். வாங்கத்தான் ஆள் வரணும்."

சிரித்தோம். ஆனால் விஷயம் சிரிப்பதாக இல்லை. ஆறு வாரம் யார் கறப்பது? கூலிக்குக் கறப்பவர் ஒருவரை முன்பு ஒருமுறை கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்பதில் ஒரு பசுவுக்குக் கோபக்காரி என்று பெயர். அது உதைத்த உதையில் அவர் வாளியை விட்டுவிட்டுப் போனவர், வாளியை வாங்கக்கூடத் திரும்பி வரவில்லை. மற்றவையும் அந்நியக் கை பட்டால் பாலை மேலே இழுத்துக்கொள்ளும். ஒன்று கை போகவேண்டும், இல்லை மாடு போகவேண்டும் என்ற இடத்தில் வந்து நின்றது.

இயந்திரப் பேச்சை எடுத்தவர் அவள் கொழுந்தன், தையல்காரர். வீட்டின் தெருப்பக்க அறைதான் அவர் கடை. பகலெல்லாம் அங்கே இரண்டு தையல் இயந்திரங்களோடு இருப்பார். மாடு என்றால் பயம். கொட்டகையைக் கடந்தால் பத்தடியில் கிணற்றடி. அவர் வாசல் வழியாகத் தெருவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போவார்.

"கறக்கற மெஷின் ஒண்ணு வாங்குங்க அண்ணி. பால் சேகரிக்கற இடத்துல சொன்னாங்க. ரெண்டு பேர் வாங்கியிருக்காங்களாம்."

"மெஷினா? இதென்ன சட்டையா, ஓட்டித் தள்ள?"

"தீவனம் வெட்ட மெஷின் வச்சிருக்கீங்களே. அஞ்சு வருஷமா அதைப் புகழ்ந்து தள்றீங்க. முன்னாடி அருவாளை வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் வெட்டினது இப்ப இருபது நிமிஷத்துல முடியுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது புல்லு. இது பாலு. புல்லுக்கு வலிக்குமா?"

"உங்களுக்கு வலிக்குதே" என்றேன் நான்.

அவள் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "வாங்கினா யாரு ஓட்டறது? ஆறு வாரம் நான்தான் தொடக்கூடாதே" என்றாள்.

எல்லோரும் தையல்காரரைப் பார்த்தோம். அவர் எழுந்து நின்றுவிட்டார். "எனக்கும் மாட்டுக்கும் ஆகாது அண்ணி."

"மாட்டுக்கும் உனக்கும்தான்டா ஆகாது" என்றார் அண்ணன் கட்டிலிலிருந்து. "மெஷினுக்கும் உனக்கும் நல்லா ஆகுமே. நீ மெஷினைப் பாரு. மாடு அது பாட்டுக்கு நிக்கட்டும்."

ஐந்தாம் நாள் இயந்திரம் வந்தது. பார்க்க அப்படி ஒன்றும் பெரிதில்லை. சக்கரம் வைத்த ஒரு தள்ளுவண்டி. அதன் மேல் காற்றை உறிஞ்சும் ஒரு பம்பு, மோட்டார், மூடி போட்ட எஃகு கேன் ஒன்று. கேனிலிருந்து குழாய் போய், நான்கு குவளைகள் தொங்கும் ஒரு கொத்தில் முடிந்தது. குவளைகளுக்குள் மிருதுவான ரப்பர் உறை. நான்கு குவளைகளும் சேரும் இடத்தின் மூடி கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. பால் ஓடுவது வெளியே தெரியும். மின்சாரம் நின்றால் ஓட்டச் சின்னதாக ஒரு பெட்ரோல் இன்ஜினும் கொடுத்தார்கள். மாட்டிக் கொடுக்க வந்த மெக்கானிக், தன் கட்டைவிரலை ஒரு குவளைக்குள் விட்டுக் காட்டினார். பிறகு சொட்டக்காவை விடச் சொன்னார். அவள் இடது கை விரலை விட்டாள். கன்று சப்புவதுபோலப் பிடித்தது, விட்டது, பிடித்தது, விட்டது.

"எப்படிம்மா இருக்கு?"

"பல்லில்லாத கன்னுக்குட்டி" என்றாள்.

முதல் மூன்று நாள் எதையும் மாட்டக்கூடாது, கொட்டகையில் வெறுமனே மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள், சத்தம் பழகட்டும் என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போனார். முதல் நாள் ஒன்பதும் கயிற்றை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கின. மூன்றாம் நாள் கோபக்காரிகூட அசைபோட்டுக்கொண்டே நின்றது. பழகாதவர் ஓட்டுநர் ஒருவர்தான். அவர் கட்டிலுக்கு எதிரே உள்ள ஜன்னல் கொட்டகையைப் பார்த்தது. "என் வண்டிகூட மேட்டுல ஏறும்போது இவ்வளவு கத்தாது" என்றார். தையல்காரர் தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார். "பெல்ட் கொஞ்சம் தளர்வு" என்றார். முடுக்கினார். சத்தம் பாதியாகக் குறைந்தது.

பத்தாம் நாள் முதல் பசுவுக்கு மாட்டினார்கள். வெள்ளைமூக்கு என்று பெயர். ஒன்பதில் சாதுவானது அதுதான், பால் அதிகம் தருவதும் அதுதான். சொட்டக்கா மடியைக் கழுவி, துணியால் ஈரம் ஒற்றி, ஒவ்வொரு காம்பிலும் இரண்டு பீய்ச்சு ஒரு கறுப்புக் கிண்ணத்தில் எடுத்துக் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்த்தாள். தையல்காரர் கையை முடிந்தவரை நீட்டி, உடம்பை முடிந்தவரை பின்னால் வைத்துக்கொண்டு குவளைகளை மாட்டினார். தெளிந்த மூடிக்குள் பால் நுரைத்து ஓடியது. வெள்ளைமூக்கு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நம்மள ஒரு ஆளாவே மதிக்கலையே" என்றார் தையல்காரர். அவர் குரலில் நிம்மதிதான் இருந்தது.

பதினைந்தாம் நாளுக்குள் ஒன்பதும் இயந்திரத்துக்கு வந்துவிட்டன. எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று நான் நினைத்தேன். ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. அவள் கை இன்னும் மோசமாகிக்கொண்டு வந்தது. விரல்கள் காலையில் வீங்கியிருந்தன. தலைவாரும் சீப்பைப் பிடிக்க முடியவில்லை. கறப்பது இயந்திரம் என்றால், கை தேறவேண்டுமே தவிர எப்படி வீங்கும்?

கேட்டால் சொல்லமாட்டாள். அதனால் பதினெட்டாம் நாள் ஏழு மணிக்குப் பதில் ஐந்து மணிக்கே போனேன். கொட்டகை வாசலில் நின்று பார்த்தேன். வெள்ளைமூக்குக்குக் குவளைகள் மாட்டியிருந்தன. என் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் மூடிக்குள் பால் மெலிந்தது. ஆறாவது நிமிடம் அநேகமாக நின்றே போனது. தையல்காரர் உறிஞ்சலை நிறுத்தும் மூடுகுழாயில் கை வைத்தார். "இருடா தம்பி, இருக்கு" என்றாள் சொட்டக்கா. இடது கையால் குவளைக் கொத்தைக் கீழே அழுத்திப் பிடித்தாள். ஏழு, எட்டு, ஒன்பது. வெள்ளைமூக்கு காலை மாற்றி மாற்றி வைத்தது. பதினோராவது நிமிடம் கழற்றச் சொன்னாள். அதற்குப் பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த வீங்கிய வலது கையால் நான்கு காம்புகளையும் ஒவ்வொன்றாக உருவத் தொடங்கினாள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அரை டம்ளர் பால் வந்தது.

"ஒன்பதுக்கும் இப்படித்தானா?" என்றேன்.

இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். தையல்காரர், "நான் சொன்னேன் நர்ஸம்மா. கேக்கல. அண்ணி சொன்னா நான் என்ன பண்றது?" என்றார்.

"மிச்சம் வைக்கச் சொல்றீங்களா?" என்றாள் அவள். கேட்ட விதம், வீட்டைப் பூட்டாமல் வெளியூர் போகச் சொல்கிறாயா என்பதுபோல இருந்தது. இயந்திரம் வந்ததிலிருந்து கை ஓய்ந்த பாடில்லை. பழையபடி முழுதாகக் கறந்தால்கூட மெதுவான, சீரான பிழிவு. இதுவோ காலியான மடியில் கடைசிச் சொட்டுக்கு முழு பலத்தையும் போட்டு உருவுவது. திட்டினேன். காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து வெள்ளைமூக்கின் பால் கறுப்புக் கிண்ணத்தில் கட்டிகட்டியாக விழுந்தது. பின்பக்க வலது காம்பு சிவந்து வீங்கிச் சூடாக இருந்தது. மடிவீக்கம்.

முப்பது வருடத்தில் அவள் மாடு எதற்கும் மடிவீக்கம் வந்ததில்லை. அடுத்த வீட்டு மாட்டுக்கு வந்தால், "மிச்சம் வச்சுக் கறந்திருப்பா" என்று சொல்லும் ஆள். அன்று காலை நான் போனபோது அவள் ஓட்டுநரின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். இயந்திரத்தைத் திரும்ப எடுத்துப்போகச் சொல்லி மெக்கானிக்குக்குப் போன் செய்தாகிவிட்டது. தேதி வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக்கும் போன் செய்தாகிவிட்டது.

"கை போனாப் போகட்டும். இடது கை இருக்கு. மெஷின் என் மாட்டக் கெடுத்துடுச்சு."

அவள் சொல்லி முடிக்கவும் மாட்டுத் தரகர் வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. ஓட்டுநர்தான் ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவள் கணவரைப் பார்த்த பார்வையில் நான் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டேன்.

"நீ கஷ்டப்படறது எனக்குப் பாக்க முடியல. ஜன்னல் வேற எதுக்க இருக்கு" என்றார் அவர். அந்த ஒருமுறை விளையாட்டாகப் பேசவில்லை.

அவள் எழுந்து வாசலுக்குப் போய், "மாடு விக்கறதுக்கு இல்ல. வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிச்சுட்டுப் போங்க" என்று தரகரை அனுப்பிவிட்டு வந்தாள். பிறகு கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டாள்.

மருத்துவர் சின்னப் பெண். முழங்கால் வரை ரப்பர் காலணி போட்டுக்கொண்டு வந்தாள். காம்பின் நுனியை விரலால் திருப்பிப் பார்த்தாள். பிறகு மற்ற எட்டுப் பசுக்களின் காம்பு நுனிகளையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் நுனியைச் சுற்றி வெள்ளையாக ஒரு தடித்த வளையம்.

"எவ்வளவு நேரம் மெஷின் போடறீங்கம்மா?"

"பால் முழுசா வர்ற வரைக்கும்."

"நிமிஷக் கணக்குல சொல்லுங்க."

சொட்டக்கா தையல்காரரைப் பார்த்தாள். "பத்து, பன்னெண்டு நிமிஷம்" என்றார் தையல்காரர்.

"அஞ்சாறு நிமிஷத்துல பால் நின்னுடும். அதுக்கப்புறம் அது எதை உறிஞ்சும்? வெறும் காம்பைத்தான் பிடிச்சு இழுக்கும். நுனி பிதுங்கி, வாய் சரியா மூடாது. அழுக்கு உள்ள போகும். கையால கறக்கறவங்க பால் நின்னா தானா நிறுத்திடுவாங்க. கைக்குத் தெரியும். மெஷினுக்கு நிறுத்தத் தெரியாது, நாமதான் நிறுத்தணும். இதுல மெஷின் மேல தப்பு இல்லம்மா."

எனக்கு முகம் சுட்டது. ஆஸ்பத்திரியில் தொண்டைச் சளியை உறிஞ்சும் குழாய்க்கும் இதே விதிதான். உள்ளே விடு, உறிஞ்சு, வெளியே எடு. தேவைக்கு மேல் நான்கு விநாடி வைத்தால் உள்ளே புண். எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பதினோரு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவள், அவள் கையை நினைத்தேனே ஒழிய மாட்டை நினைக்கவில்லை.

"அப்ப மிச்சப் பால்?" என்றாள் சொட்டக்கா. இன்னும் விடவில்லை.

"கொஞ்சம் இருக்கும். இருந்துட்டுப் போகட்டும். கன்னு குடிச்சாலும் மிச்சம் வைக்கும். அதனால மாடு வத்தாது."

தையல்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அண்ணி, என் மெஷின்ல கீழ்நூல் தீர்ந்துபோனா சத்தத்துல வித்தியாசமே தெரியாது. நான் பாக்காம ஓட்டிக்கிட்டே இருந்தா என்ன ஆகும்? தையல் விழாது. துணி பூரா ஓட்டைதான் விழும்."

அவள் வெள்ளைமூக்கின் முதுகைத் தடவினாள். "இத நீ பத்து நாள் முன்னாடி சொல்லியிருக்கலாம் இல்ல?"

"பத்து நாள் முன்னாடி நான் மாட்டோட காலையே பாத்துக்கிட்டிருந்தேன் அண்ணி. மெஷினைப் பாக்க எங்க நேரம்?"

மருத்துவர் காம்புக்குள் மருந்து செலுத்தினாள். ஐந்து நாள் வெள்ளைமூக்கைக் கடைசியாகக் கறக்கவேண்டும், அந்தப் பாலைக் கொட்டிவிடவேண்டும், பிறகு குவளைகளைக் கொதிநீரில் கழுவவேண்டும் என்றாள். அவள் போன பிறகு சொட்டக்கா மெக்கானிக்கைக் கூப்பிட்டு வரவேண்டாம் என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோது அவள் குரல் தணிந்திருந்தது. தேதியை யாருக்காவது கொடுத்திருந்தால் மாதம் தாண்டிவிடும். மறுமுனையில் இருந்தவர் காகிதங்களைப் புரட்டும் சத்தம் எனக்கே கேட்டது. கடைசியில், "நீங்க வேண்டாம்னு சொன்னத இங்க யாரும் இன்னும் எழுதவே இல்லம்மா. உங்க பேர் அப்படியேதான் இருக்கு" என்றார். அலுவலகச் சோம்பலால் ஒரு நன்மை விளைந்து நான் பார்த்தது அது ஒருமுறைதான்.

ஆறு நாள் இருந்தன. அன்று மாலையே அவள் வலது கையை விரல் நுனி முதல் முழங்கை வரை துணிப்பட்டை சுற்றிக் கட்டினேன்.

"ஆபரேஷனுக்கு முன்னாடியே கட்டா?"

"ஒத்திகை" என்றேன். "ஒத்திகையில கை நீளாம இருக்கான்னு பாக்கலாம்."

அந்த ஆறு நாளும் அவள் கொட்டகையில் முக்காலியில் உட்கார்ந்தபடி தையல்காரரை ஓட்டினாள். மாட்டைப் பற்றி இயந்திரத்தோடு வந்த காகிதத்தில் எதுவும் இல்லை. அது முழுக்க அவளிடம்தான் இருந்தது. "கோபக்காரிக்கு வலது பக்கமா போ. தொடை நடுங்குச்சுன்னா ஒரு அடி தள்ளி நில்லு. இந்தக் கறுப்பிகிட்ட பேசிக்கிட்டே கழுவு, பேசாம தொட்டா பாலை இழுத்துக்கும்."

"என்ன பேசறது அண்ணி?"

"வாடிக்கைக்காரங்ககிட்ட என்ன பேசுவ?"

"அடுத்த வாரம் தந்துடறேன்னு சொல்லுவேன்."

"அதையே சொல்லு."

அவர் அதையே சொன்னார். கறுப்பிக்குப் போதுமானதாக இருந்தது.

கழுவி ஒரு நிமிடத்துக்குள் மாட்டுவது, பால் மெலிந்ததும் மூடுகுழாயை முதலில் அடைத்துவிட்டுப் பிறகு குவளைகளைக் கழற்றுவது, காம்பு நுனியை மருந்தில் முக்குவது என்று எல்லாம் அவருக்கு வரிசையாக வந்துவிட்டது. மூடிக்குள் பால் ஓடுவதை அவர் பாபினில் கீழ்நூல் குறைவதைப் பார்ப்பதுபோல் கண் எடுக்காமல் பார்ப்பார். அந்த நேரம் மாடு இருப்பதே அவருக்கு மறந்துவிடும். பயம் போனது அப்படித்தான். சொட்டக்காவுக்குத்தான் சிரமம். அவர் ஆறாம் நிமிடத்தில் கழற்றும் ஒவ்வொரு முறையும், கட்டுப்போட்ட கையைத் தன் மடியில் வைத்து இடது கையால் அழுத்திக்கொள்வாள். மூன்றாம் நாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஐந்தாம் நாள் திருப்பவில்லை.

கையால் கறந்தபோது, கழுவுவதும் கடைசிச் சொட்டு வரை உருவுவதும் சேர்த்துக் காலை வேலைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். இப்போது கழுவுவதையும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம். பாலில் தூசியும் முடியும் விழ வழியில்லை. மூடிய குழாயில் வந்து மூடிய கேனில் விழுகிறது. மாலை நான்கு மணிக் கறவை ஐந்தேகாலுக்கு முடிந்து, தையல்காரர் திரும்பக் கடையில் உட்கார்ந்துவிடுவார். இரண்டு நாள் கேனில் மற்ற எட்டின் பால் கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் நாள் பழைய அளவுக்கு வந்தது. அவள் அதை இரண்டுமுறை எட்டிப் பார்த்தாள். 

வெள்ளைமூக்கின் வீக்கம் நான்காம் நாள் வடிந்தது. மருந்து முடிந்ததும் மருத்துவர் வந்து பாலைச் சோதித்துவிட்டுச் சரி என்றாள்.

இருபத்தாறாம் நாள் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும். நானும் கூடப் போனேன். அறுவை சிகிச்சை அரைமணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளங்கையில் ஏழு தையல். மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். கையைத் தலையணை மேல் உயர்த்திவைத்துக் கணவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கவைத்தேன். இருவரில் யாரை முதலில் பார்ப்பது என்று ஒரு கணம் யோசிக்கவேண்டியிருந்தது.

"இப்ப நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து ரெண்டு கைதான்" என்றார் ஓட்டுநர். "உனக்கு இடது, எனக்கு வலது. ஒட்டிக்கிட்டா ஒரு முழு ஆளு."

நான்கு மணிக்கு மோட்டார் ஓடத் தொடங்கியது. அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள், தூங்கவில்லை. ஒவ்வொரு மாட்டையும் காதாலேயே பின்தொடர்ந்தாள். ஐந்தாவது மாடு கோபக்காரி. தகரம் அதிர்ந்ததுபோல ஒரு சத்தம், காற்று சீறும் சத்தம், தையல்காரரின் கூச்சல். அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நான் தோளைப் பிடித்தேன்.

"உதைச்சிருக்கும். குவளை விழுந்திருக்கும். விடுங்க நர்ஸம்மா, அவனுக்குத் தெரியாது."

"தெரியலேன்னா கூப்பிடுவாரு."

ஓட்டுநர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "குழாயை அடைச்சுட்டான். கழுவறான். இடது பக்கமா போனான், இல்ல இல்ல, சுத்திக்கிட்டு வலது பக்கமா வரான். மாட்டிட்டான்" என்று பேருந்து நிறுத்தங்களை அறிவிப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். சீறல் நின்று மோட்டார் பழையபடி ஓடியது. அவள் மெல்லச் சாய்ந்து படுத்தாள்.

ஒன்பதும் முடிந்தபின் தையல்காரர் வாசற்படியில் வந்து நின்றார். சட்டை நனைந்திருந்தது. முழங்காலில் சாணி.

"என்னடா, அடி பட்டுச்சா?"

"எனக்கு இல்ல அண்ணி. பட்டது குவளைக்குத்தான். ரப்பர் உறையை மாத்திட்டேன். பாபின் கேஸ் மாத்தற மாதிரிதான்."

இனி அந்தக் கையைப் பற்றிச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உணர்ச்சி ஏறக்குறைய முழுதாகத் திரும்பியது. கட்டைவிரலடிச் சதை பாதிதான் திரும்பியது. இரண்டு வருடம் தள்ளிப்போட்டதற்கு அதுதான் அபராதம். டப்பா மூடிகள் இப்போது தெருவில் வேறு வீட்டுக்குப் போகின்றன. ஆறு வாரம் ஆனபின் மாலைக் கறவையை அவள் எடுத்துக்கொண்டாள். காலையைத் தையல்காரரிடமே விட்டுவிட்டாள். அவரும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒன்பது மாடுகளும் அங்கேயேதான் நிற்கின்றன.

அறுவை சிகிச்சைக்கு மறுநாள் ஏழு மணிக்கு நான் போனபோது, பால் கேன் மூடி போட்டு வாசலில் வண்டிக்காகக் காத்திருந்தது. கிணற்றடியில் தையல்காரர் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். போவதற்குக் கொட்டகை வழியைத்தான் எடுத்திருந்தார். ஈரக் கால்தடம் தரையில் தெரிந்தது. உள்ளே போனேன். ஓட்டுநர் விழித்துப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் நல்ல கையின் விரலை உதட்டில் வைத்தார்.

பாயில் சொட்டக்கா மல்லாந்து படுத்திருந்தாள். கட்டுப்போட்ட கை தலையணை மேல் சரியான உயரத்தில் இருந்தது. அறை அதிரும்படி குறட்டை.

"அஞ்சு மணிக்கு எழுந்தா" என்றார் அவர், முடிந்தவரை மெதுவாக. "மோட்டார் ஓடுறதைக் கேட்டா. திரும்பப் படுத்துட்டா. அப்பலேர்ந்து இதே கச்சேரிதான்."

"நல்லதுதான். தூங்கட்டும்."

"கல்யாணமாகி முப்பது வருஷம் ஆச்சு நர்ஸம்மா. எனக்கு அப்புறம் படுப்பா, எனக்கு முன்னாடி எழுந்திருப்பா. இவ குறட்டை விடுவாங்கறதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

உடம்பு துடைக்கத் தண்ணீர் வைக்க அடுப்படிக்குப் போனேன். "பாத்திரத்தை மெதுவா வைங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.